செட்டிநாடு டூர் போறீங்களா? எடுத்த போட்டோ பத்திரமா வீடு வந்து சேர ஒரு வழிகாட்டி

காரைக்குடிக்கு கேமராவோட வர்றவங்க என்கிட்ட கேக்கறது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள்ள விடுவாங்க, எந்த மெஸ்ல சாப்பாடு நல்லாருக்கும், ஆத்தங்குடிக்கு எங்க பஸ் ஏறணும். எடுத்த படத்த எங்க வச்சுக்கறதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேட்டதில்ல. ஊருக்கு திரும்பி நாலு நாள் கழிச்சு போன் மட்டும் வரும், "அண்ணே, கார்ட போட்டா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது, என்ன பண்றது?"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி சலிச்சுப் போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிடறேன்.

மத்த ஊருக்கும் இது பொருந்தும்தான், ஆனா இங்க கொஞ்சம் அதிகமா பொருந்தும். மெரினா போட்டோ போச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை போய் எடுத்துக்கலாம். இங்க பாதி வீடு வருஷம் முழுக்க பூட்டியே கெடக்கும், கல்யாணம், படைப்புன்னு (முன்னோருக்கு படையல் போடற குடும்ப விழா) குடும்பம் கூடறப்பதான் வளவு, பட்டாலைன்னு முற்றம், கூடம் எல்லாம் தொறந்து கூட்டிப் பெருக்கி கோலம் போடுவாங்க. நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் வருஷத்துக்கு ஒரு நாள், சிராவயல் மஞ்சுவிரட்டும் அப்படித்தான். விட்டா அடுத்த வருஷம் வந்துதான் எடுக்கணும்.

எவ்வளவு இடம் வேணும்

படத்த ஏத்தி வைக்க டிஸ்க் வாங்க கடைக்கு போறதுக்கு முன்னாடி இந்த கணக்க போட்டுருங்க. 24 மெகாபிக்சல் கேமராவுல ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாம அப்படியே தர்ற படம்) ஒண்ணு சுமார் 25 எம்பி, கம்ப்ரஸ் பண்ணாத ராவா இருந்தா 50 எம்பி வரைக்கும் போகும். ஜேபெக் மட்டும்னா 8லேருந்து 12 எம்பி. ஆத்தங்குடி டைல் பட்டறைக்குள்ள நுழைஞ்சீங்கன்னா கை நிக்காது, கண்ணாடிய கீழ வச்சு அது மேல அச்ச வச்சு, பூ டிசைன் கட்டத்துக்குள்ள ஒவ்வொரு கலரா அந்த அண்ணன் கரண்டியால ஊத்தறத பாக்கறப்போ ஒவ்வொரு கலருக்கும் பத்து படம் எடுப்பீங்க, அச்ச தூக்கறப்போ ஒரு இருபது, அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு தட்டறப்போ இன்னும் கொஞ்சம். சூளையில சுடாமயே எப்படி இந்த பளபளப்பு வருதுன்னா, எல்லாம் அந்த கண்ணாடி பண்ற வேலைதான். அங்கயே 200 படம் ஆயிடும். ஒரு நாளைக்கு 600ன்னு வச்சாலும் ராவுல 15 ஜிபி, மூணு நாளைக்கு 45.

படத்த விட வீடியோதான் இடத்த திங்கும். ஐபோன்ல 4கே 30 ஃப்ரேம் வச்சா நிமிஷத்துக்கு சுமார் 170 எம்பி, 60 ஃப்ரேம்னா 400 எம்பி. கேமராவுல நொடிக்கு 100 மெகாபிட்ல 4கே எடுத்தா நிமிஷத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதனால படம் மட்டும்னா 500 ஜிபி டிஸ்க் தாராளம், வீடியோவும் உண்டுன்னா 1 டிபி வாங்கிக்கோங்க. 1 டிபி வாங்கிட்டு கம்ப்யூட்டர்ல 931 ஜிபிதான் காட்டுதுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, அவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுவாங்க, விண்டோஸ் 1024 ஆ எண்ணும், அவ்வளவுதான் விஷயம்.

எத வாங்கறது

டூருக்கு போர்ட்டபிள் எஸ்எஸ்டி. இதுல எனக்கு ரெண்டு கருத்து கெடையாது. சுத்தற ஹார்ட் டிஸ்க் விலை கம்மி, இடம் அதிகம், ஆனா உள்ள தட்டு சுத்திக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல முடி அளவு கூட இடைவெளி இல்லாம படிச்சு எழுதற ஹெட்டு ஓடிக்கிட்டு இருக்கும், காப்பி ஓடறப்போ டவுன் பஸ்ஸு ஒரு குழியில இறங்குச்சுன்னா கதை முடிஞ்சுது. அது வீட்ல மேஜை மேல இருக்க வேண்டிய சாமான். எஸ்எஸ்டில சுத்தற பாகமே கெடையாது, கீழ விழுந்தாலும் பெரும்பாலும் பொழச்சுக்கும். பென்டிரைவ் அவசரத்துக்கு ஓகே, ஆனா ஆரம்பத்துல வேகமா போற மாதிரி காட்டிட்டு பாதியில மாட்டு வண்டி ஆயிடும்.

எஸ்எஸ்டி வாங்கிட்டு நிறைய பேர் ஏமாறுறது கேபிள்ல. டைப்-சி கேபிள் எல்லாம் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், போன் சார்ஜரோட வர்ற கேபிள் நிறைய வெறும் யூஎஸ்பி 2 தான், பழைய மெதுவான வகை. அதுல நிஜ வேகம் நொடிக்கு 35, 40 எம்பிய தாண்டாது, 64 ஜிபி கார்ட காப்பி பண்ண அர மணி நேரம் ஆகும். அதே கார்டு நல்ல கார்டு ரீடர், நல்ல கேபிள்ல பத்து பன்னெண்டு நிமிஷம். எஸ்எஸ்டி டப்பால வந்த குட்டி கேபிள தொலைச்சுடாதீங்க, அதுல ஒரு கலர் டேப்ப சுத்தி வச்சுக்கோங்க.

ரொம்ப சல்லிசா 8 டிபி, 16 டிபின்னு ஆன்லைன்ல வர்றத தொடவே தொடாதீங்க. உள்ள ஒரு சின்ன மெமரி கார்ட ஒட்டி வச்சு, சிஸ்டத்துக்கு மட்டும் பெரிய சைஸா பொய் சொல்ற மாதிரி பண்ணியிருப்பாங்க. காப்பி ஆகும், பேரெல்லாம் தெரியும், படத்த தொறந்தா ஒண்ணும் இருக்காது. மெமரி கார்டுலயும் இந்த டூப்ளிகேட் உண்டு. நல்ல கடையில வாங்கினாலும் ஒரு தடவ செக் பண்ணிருங்க, விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் லினக்ஸ்ல எஃப்3, ரெண்டும் ஃப்ரீதான். டிஸ்க் நெறய எழுதி திரும்ப படிச்சு பாத்து சொல்லும், நேரம் ஆகும், ராத்திரி போட்டு விட்டுட்டு தூங்கிடுங்க.

லேப்டாப் தூக்கிட்டு வராதவங்களுக்கு இன்னும் ஒரே ஒரு சாமான் வேணும். கார்டு ஸ்லாட்டும் சார்ஜிங் பின்னும் இருக்கற டைப்-சி ஹப். போன்ல ஹப்ப சொருகி, ஹப்புல கார்டு, எஸ்எஸ்டி, சார்ஜர் மூணையும் சொருகிடலாம். சார்ஜர் எதுக்குன்னா எஸ்எஸ்டி போன்லேருந்து கரெண்ட் இழுக்கும், சில போன் தாக்குப் பிடிக்காம பாதியில கனெக்‌ஷன விட்டுடும். ஐபோன்ல 2023ல வந்த 15லேருந்துதான் டைப்-சி, அதுக்கு முந்தின போனுக்கு சார்ஜிங் ஓட்டையோட வர்ற லைட்னிங் கேமரா அடாப்டர் வாங்கணும். 15லயும் ப்ரோ மாடலுக்குத்தான் வேகமான யூஎஸ்பி, சாதா 15ல அதே பழைய யூஎஸ்பி 2 வேகம்தான், அதனால மெதுவா போகுதேன்னு டிஸ்க்க திட்டாதீங்க.

கெளம்பறதுக்கு முந்தின நாள்

புது டிஸ்க்க எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணுங்க. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், ஃபேட்32 எல்லாம் டிஸ்க்குக்குள்ள ஃபைல அடுக்கி வைக்கற முறையோட பேரு, அவ்வளவுதான். என்டிஎஃப்எஸ்ல இருந்தா மேக், ஐபோன் படிக்கும், எழுதாது. ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் நிக்காது, நீளமான வீடியோ அங்கயே அடிபட்டுப் போயிடும். எக்ஸ்ஃபேட் எல்லாத்துலயும் ஓடும், ரொம்ப பழைய ஆண்ட்ராய்டு சிலதுல மட்டும் தகராறு பண்ணும், அதனால உங்க போன்ல சொருகி ஒரு பத்து படத்த காப்பி பண்ணி பாத்துட்டே கெளம்புங்க. கானாடுகாத்தான்ல வந்து நின்னுக்கிட்டு போன் எடுக்க மாட்டேங்குதேன்னு தலைய சொறியறதுல பிரயோஜனம் இல்ல.

கேமராவுல ரெண்டு செட்டிங் பாருங்க. ஒண்ணு ஃபைல் நம்பர், அது தொடர்ச்சியா போற மாதிரி வச்சுடுங்க. கார்டு மாத்தறப்பல்லாம் 0001லேருந்து ஆரம்பிச்சா நேத்து எடுத்த படமும் இன்னைக்கு எடுத்த படமும் ஒரே பேர்ல வந்து நிக்கும், காப்பி பண்றப்போ ரீப்ளேஸ் பண்ணவான்னு கேக்கும், தூக்கக் கலக்கத்துல யெஸ் அமுக்கினீங்கன்னா நேத்து படம் காலி. இன்னொண்ணு, உங்க கேமராவுல ரெண்டு கார்டு போடலாம்னா, ரெண்டாவது கார்ட பேக்கப்னு மாத்துங்க. நிறைய கேமராவுல முதல் கார்டு நெறஞ்சா அடுத்ததுக்கு போற மாதிரிதான் வச்சிருப்பாங்க, பேக்கப்னு வச்சா ஒவ்வொரு படமும் எடுக்கற நிமிஷத்துலயே ரெண்டு கார்டுலயும் விழுந்துடும். இத விட சுலபமான பேக்கப் ஒலகத்துல கெடையாது, ரெண்டு ஸ்லாட் வச்சுக்கிட்டு இத பண்ணாதவங்கள பாத்தா எனக்கு நெஜமாவே கோவம் வரும்.

கார்டு ஒரே பெருசா 256 ஜிபி வாங்கறதுக்கு பதிலா 64ல மூணு நாலு வாங்குங்கன்னு நான் சொல்லுவேன். சிலர் இத ஒத்துக்க மாட்டாங்க, மாத்தறப்போதான் தொலையும்பாங்க, அதுவும் நியாயம்தான். ஆனா ஒரு கார்டு போச்சுன்னா ஒரு நாள் போகும், டூர் முழுசும் போகாது. எடுத்து முடிச்ச கார்ட டப்பால தலைகீழா வைங்க, பக்கவாட்டுல இருக்கற குட்டி லாக்கையும் தள்ளிடுங்க, அப்ப காலி கார்டுன்னு நெனச்சு ஃபார்மட் பண்ண மாட்டீங்க.

சாயங்காலம் ரூமுக்கு வந்தவுடனே

சாப்பாட்டுக்கு முன்னாடி, கண்டிப்பா முன்னாடி. செட்டிநாட்டு ராத்திரி சாப்பாட்ட முடிச்சப்புறம் ஒரு மனுஷன் உக்காந்து ஃபைல் காப்பி பண்ணினதா சரித்திரம் இல்ல. முகம் கழுவிட்டு வந்து சொருகி விட்டுட்டீங்கன்னா நீங்க ஒரு பணியாரத்த முடிக்கறதுக்குள்ள அதுவும் முடிஞ்சுடும்.

டிஸ்க்ல ஒரு ஃபோல்டர் போடுங்க, பேருல தேதி முன்னாடி வரட்டும், 2025-01-17-ஆத்தங்குடி அப்படின்னு. வருஷம், மாசம், நாள்னு வச்சாதான் வரிசையா நிக்கும். ரெண்டு கார்டு இருந்தா உள்ள கார்டு1, கார்டு2ன்னு தனித்தனி ஃபோல்டர். இப்ப கார்டுல இருக்கற மொத்த ஃபோல்டரையும் அப்படியே காப்பி பண்ணுங்க. நல்ல படம் மட்டும் தேர்ந்தெடுத்து போடறேன்னு ஆரம்பிக்காதீங்க, அது ஊருக்கு போய் பண்ற வேலை.

காப்பி பண்ணணும்னு சொன்னேன், கட் பண்ணி பேஸ்ட் பண்ண சொல்லல. இத எழுத எனக்கு தகுதி வந்ததே இந்த தப்ப பண்ணினதாலதான். பள்ளத்தூர்ல ஒரு நண்பர் வீட்டு படைப்பு, குடும்பத்துல எல்லாரும் வந்திருந்தாங்க, ரெண்டு நாள் எடுத்தேன். விடிகாலை பல்லவன் ரயில்ல ஏறி உக்காந்து, சென்னை போறதுக்குள்ள கார்ட காலி பண்ணிடலாம்னு மடியில லேப்டாப்ப வச்சு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கட், பேஸ்ட். பக்கத்து சீட்டு குழந்த எந்திரிக்கறப்போ கேபிள்ல கால் பட்டுச்சு, அவ்வளவுதான். டிஸ்க்கு காணாமப் போய் திரும்ப வந்துச்சு, தொறந்து பாத்தா நிறைய படத்துல மேல் பாதி கூரை, கீழ் பாதி வெறும் சாம்பல் கலர் பட்டை. கார்டுல பாத்தா அங்கயும் இல்ல, நான்தான் கட் பண்ணிட்டேனே. எக்ஸ்ஃபேட்ல இந்த மாதிரி நடுவுல புடுங்கினா என்ன எழுதிக்கிட்டு இருந்தோம்னு தனியா குறிச்சு வச்சுக்கற வசதி கெடையாது, அதனால எஜெக்ட் கொடுக்காம புடுங்கறது அதுல இன்னும் மோசம். எப்படி மீட்டேன்னு கீழ சொல்றேன்.

காப்பி முடிஞ்சப்புறம் சரி பாக்கறதுதான் எல்லாரும் விட்டுடறது. கார்டு ஃபோல்டர்ல எத்தன ஃபைல், எவ்வளவு ஜிபி, டிஸ்க் ஃபோல்டர்ல எத்தன, எவ்வளவு, ரெண்டும் ஒத்துப் போகணும். அப்புறம் டிஸ்க்லேருந்து முதல் படம், கடைசி படம், நடுவுல ஒரு நாலஞ்சு தொறந்து பெருசு பண்ணி பாருங்க. குட்டிப் படம் தெரியுதேன்னு விட்டுடாதீங்க, அது ஃபைலுக்குள்ள தனியா இருக்கற சின்ன ப்ரிவ்யூ, உள்ள இருக்கற நிஜ படம் கெட்டிருந்தாலும் அது அழகா சிரிச்சுக்கிட்டு நிக்கும். வீடியோவ கடைசி பத்து செகண்டுக்கு தள்ளி ஓட்டிப் பாருங்க. லேப்டாப் இருந்தா டெராகாப்பி மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல வெரிஃபை டிக் பண்ணிட்டா இந்த வேலைய அதுவே பாத்துக்கும்.

போன்ல காப்பி பண்றவங்க ஸ்கிரீன அணைய விடாதீங்க. நடுவுல ரீல்ஸ் பாக்க போனா நிறைய ஆண்ட்ராய்டு போன் பின்னாடி ஓடற ஃபைல் ஆப்ப சத்தமில்லாம கொன்னுடும். ஒரே தடவையா 60 ஜிபி கொடுக்காம 500, 500 படமா கொடுத்தா எங்க நின்னுச்சுன்னு தெரியும். வெயில்ல சுத்திட்டு வந்த போனும் டிஸ்க்கும் சூடா இருந்தா வேகம் தானா கொறையும், ஃபேனுக்கு கீழ தரையில வைங்க. பழைய வீட்ட ஹோம்ஸ்டேவா மாத்தியிருக்கற எடத்துல தங்கினா அந்த ஆத்தங்குடி கல்லு தரையே ஜில்லுன்னு இருக்கும், நான் டிஸ்க்க அது மேலதான் வைப்பேன். கரெண்ட் போனாலும் கவலப்படாதீங்க, லேப்டாப்னா பேட்டரி இருக்கு, ஹப்னா சுவத்து சார்ஜருக்கு பதிலா மொதல்லேருந்தே பவர்பேங்க் சொருகிடுங்க. நடுவுல கரெண்ட் போய் ஹப்பு அணைஞ்சு டிஸ்க் கட் ஆனத நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன்.

ஒரு தடவ இப்படித்தான் வளவுல தூண் ஓரமா உக்காந்து காப்பி ஓடறத பாத்துக்கிட்டு இருந்தேன், வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பாத்தாங்க.

"என்ன தம்பி, சாப்பிட வராம பொட்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக?"

"படத்த இதுல ஏத்தறேன் ஆச்சி, பத்து நிமிஷம்."

"எத்தன படம் இருக்கும்?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"ரெண்டாயிரமா! அம்புட்டையும் என்னைக்கு உக்காந்து பாப்பீக?"

பதில் இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல.

ரெண்டு காப்பி, ரெண்டு பை

பேக்கப்ல 3-2-1ன்னு ஒரு கணக்கு உண்டு, பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராபர் பிரபலமாக்கினது. மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை சாமான்ல, அதுல ஒண்ணு வேற எடத்துல. டூர்ல அத அப்படியே பண்ண முடியாது, ஆனா கிட்ட போகலாம். கார்ட அழிக்காம வச்சுக்கிட்டா அது ஒரு காப்பி, எஸ்எஸ்டி ரெண்டாவது. ஆனா கேமரா பைக்குள்ளயே கார்டு டப்பா, அதே பை சைடு ஜிப்புல எஸ்எஸ்டின்னு வச்சா பஸ்ல பைய மறந்துட்டு இறங்கினீங்கன்னா ரெண்டும் சேந்துதான் போகும். எஸ்எஸ்டி துணிப் பைல, கார்டு டப்பா உங்க பாக்கெட்ல. கூட வந்தவங்க இருந்தா டிஸ்க்க அவங்க பைல போடுங்க. வெளிய போறப்போ ஒண்ண ரூம்லயே பூட்டி வச்சுட்டுப் போங்க, ஒண்ண கையில எடுத்துக்கோங்க. வாடகை கார் டேஷ்போர்டுல மட்டும் வைக்காதீங்க, பிள்ளையார்பட்டி கோயிலுக்குள்ள ஒரு மணி நேரம் போயிட்டு வர்றதுக்குள்ள சித்திர வெயில்ல அது அடுப்பு மாதிரி ஆயிருக்கும்.

மூணாவது காப்பிய நெட்ல போடலாமான்னு கேட்டா, எல்லாத்தையும் முடியாது. கூகுள்ல ஃப்ரீ 15 ஜிபிதான், அதுலயே மெயிலும் டிரைவும் சேந்து கெடக்கும், 2021 ஜூனுக்கு அப்புறம் சுருக்கின போட்டோவும் அந்த கணக்குலதான் சேரும். அப்லோடு 10 எம்பிபிஎஸ் கெடைச்சாலும் 10 ஜிபிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அந்த கனத்த சுவத்துக்குள்ள சிக்னல் வர்றதே பெருசு. அதனால அன்னைக்கு எடுத்ததுல உசுருக்கு உசுரா இருக்கற முப்பது படத்த மட்டும் ஜேபெக்கா அனுப்புங்க, முந்நூறு எம்பி, மாடிக்கு போய் நின்னா ஏறிடும்.

கார்டு மக்கர் பண்ணினா

ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. கார்ட உடனே வெளிய எடுங்க, அதுல ஒரு படம் கூட மேற்கொண்டு எடுக்காதீங்க. இதுதான் முக்கியம். அழிச்ச படம் கார்டுல உடனே அழியாது, அந்த எடம் காலின்னு குறிச்சு மட்டும்தான் வச்சிருக்கும், புதுசா எழுதினாதான் பழசு போகும். மொதல்ல வேற ரீடர்ல போட்டு பாருங்க, பாதி நேரம் பின்னுல இருக்கற செம்மண் தூசிதான் காரணமா இருக்கும். அப்பவும் வரலன்னா வீட்டுக்கு போய் ஃபோட்டோரெக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், மீட்டத அதே கார்டுல சேவ் பண்ணாம வேற டிஸ்க்ல சேவ் பண்ணணும். என்னோட பள்ளத்தூர் படம் பெரும்பாலும் திரும்பி வந்தது இப்படித்தான், கட் பண்ணின கார்ட அதுக்கப்புறம் கேமராவுல போடவே இல்ல, அந்த ஒரு புத்தியாவது அன்னைக்கு இருந்துச்சு. ஃபைல் பேரெல்லாம் போய் ஏதேதோ நம்பரா வந்துச்சு, தேதி பாத்து வரிசைப்படுத்த ஒரு வாரம் ஆச்சு. இதே வேலை எஸ்எஸ்டில அழிச்சதுக்கு நடக்கும்னு நம்ப முடியாது, பல சமயம் அது காலி எடத்த தானாவே சுத்தமா தொடச்சுடும், அதனால டிஸ்க்ல டெலிட் பட்டனுக்கு பக்கத்துல கையவே கொண்டு போகாதீங்க.

ஊர் திரும்பினப்புறம்

எஸ்எஸ்டிய வீட்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணுங்க, மேல சொன்ன மாதிரி எண்ணிக்கையும் சைஸும் பாருங்க, தொறந்து பாருங்க. ரெண்டு எடத்துல சரியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் கார்ட அழிக்கணும், அதையும் கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா டெலிட் பண்ணாம கேமராவுல போட்டு ஃபார்மட் பண்ணுங்க. எஸ்எஸ்டிய வருஷக்கணக்கா கரெண்ட் காட்டாம அலமாரில போட்டு வைக்காதீங்க, நீண்ட நாளைக்கு வைக்க அது தோதான சாமான் இல்ல.

அப்புறம் சாவி எடுத்துட்டு வந்து வீட்ட தொறந்து காட்டின அண்ணனுக்கு படம் அனுப்பறேன்னு சொல்லியிருப்பீங்க, அனுப்புங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டா சுருக்கிடும், டாக்குமெண்ட்டா போட்டு அனுப்புங்க, அவங்க பிரேம் போட்டு முகப்புல மாட்டணும்னு கேட்டுட்டு இருப்பாங்க.